ஜூனோவுக்கு நீந்தியா போனார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் 6ஐ ஒட்டி, இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் பிடித்து வைத்திருந்த பிரான்சின் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நோர்மண்டித் தரையிறக்கம் பற்றி நீங்கள் போட்ட முழுப்பக்கக் கட்டுரையை வாசித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். 1944இல் ஜூனோ கடற்கரையில் சுமார் 14,000 கனடியப் படையினர் இறங்கியது, கூர்செல், பேர்னியேர் ஊர்களில் நடந்த சண்டை, அந்த ஒரே நாளில் 340க்கும் மேற்பட்ட கனடியர்கள் இறந்தது எல்லாம் இருந்தது. ஆனால் பக்கத்தை மேலும் கீழுமாகத் தேடியும் ஒரு கனடியக் கப்பலின் பெயரைக்கூடக் காணவில்லை. அவ்வளவு பேரும் ஆங்கிலக் கால்வாயை நீந்தியா கடந்தார்கள்? (விமானத்திலிருந்து குதித்த கனடியப் பரசூட் பட்டாலியன் ஒன்றும் இருந்தது, அதை மறைக்கவில்லை. அவர்கள் ஒரு 450 பேர்தான். மிச்சப்பேர் எல்லோரும் கடலால்தான் போனார்கள்.)

உங்கள் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லவில்லை. இங்கே ஆங்கிலத் தொலைக்காட்சியிலும் ஒவ்வொரு ஜூனிலும் இதே கதைதான். தரையிறங்கு படகின் கதவு திறக்கும், சிப்பாய்கள் தண்ணீரில் குதிப்பார்கள், அங்கிருந்துதான் வரலாறே தொடங்கும். அந்தக் கதவை அந்தக் கரை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது யார் என்று கேட்க ஆளில்லை. கடற்படை என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு நல்ல நினைவுகள் வராது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் நம் பிள்ளைகள் இந்த நாட்டின் வரலாற்றைப் படித்து வளர்கிறார்கள், தமிழில் ஒரு பக்கம் எழுதினால் அது முழுசாக இருக்கட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன், ஊதிப் பெருப்பிக்கிறான் என்று யாரும் சொல்லக்கூடாது. அன்றைய தரையிறக்கத்தின் கடல் பகுதிக்கு நெப்டியூன் நடவடிக்கை என்று பெயர், அதன் தலைமை பிரித்தானிய அட்மிரல் ராம்சேயிடம் இருந்தது. பெரியதும் சிறியதுமாக ஏறக்குறைய 7,000 கலங்கள். பெரும்பகுதி பிரித்தானியாவும் அமெரிக்காவும் கொண்டுவந்தவை. கனடாவின் பங்கு சுமார் 110 கலங்கள், 10,000 கடற்படையினர். சின்னப் பங்குதான். ஆனால் 1939இல் போர் தொடங்கியபோது இந்த நாட்டிடம் இருந்த போர்க்கப்பல்கள் மொத்தமே ஒரு டசினும் சொச்சமும், அதில் நாசகாரிக் கப்பல்கள் ஆறே ஆறு. ஐந்து வருடத்துக்குள் எங்கேயோ சஸ்காச்சுவான் கோதுமை வயலில் நின்ற பொடியன்களை, கடலைக் கண்ணால் காணாத பொடியன்களை, கப்பலில் ஏற்றி அத்திலாந்திக்கில் விட்டு, அங்கே நீர்மூழ்கிகளோடு மல்லுக்கட்டப் பழக்கி, பிறகு இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த 110ஐ இதை வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

சரி, இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கடற்கண்ணிகளை அகற்றிய கப்பல்கள்.

தரையிறக்கம் நடக்கப்போகும் கரைக்கு முன்னால் கடலில் ஜேர்மனியர் கண்ணிவெடிகளைப் பட்டை பட்டையாக விதைத்து வைத்திருந்தார்கள். கடலடியில் நங்கூரமிட்ட கம்பியில் கட்டி, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே மிதக்கவிட்ட வெடிகுண்டுகள். அதில் ஒன்று ஆயிரம் சிப்பாய்களை ஏற்றிய கப்பலில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஐந்து கடற்கரைகளுக்கும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் பத்துப் பாதைகளை முதலில் சுத்தமாக்கவேண்டும், அதுவும் இரவோடிரவாக, எல்லாக் கப்பல்களுக்கும் முன்னால் போய். இந்த வேலையில் கனடாவின் பங்கோர் ரகக் கப்பல்கள் 16 இருந்தன. ஆறு, பிரித்தானிய அணிகளோடு கலந்து போயின. மிச்சம் பத்தும் முழுக்க முழுக்கக் கனடியர்களே ஓட்டிய 31ஆவது கண்ணியகற்றும் அணி. தளபதி ஸ்ரோர்ஸ், தலைமைக் கப்பல் கரக்கெட்.

இந்தப் பத்துக் கப்பல்களும் எந்தக் கடற்கரைக்குப் பாதை வெட்டின என்று நினைக்கிறீர்கள்? ஜூனோவுக்கு இல்லை. ஒமாகாவுக்கு. அமெரிக்கர்கள் இறங்கி, அன்று மிக மோசமாக அடிவாங்கிய அதே ஒமாகா. அந்தக் கரைக்கு அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிப்போன கப்பல்களில் ஒரு பகுதி, கனடியப் பொடியன்கள் அந்த இரவு வாரித் துடைத்துவிட்ட பாதையால்தான் போனது. அமெரிக்கர்கள் ஒமாகாவை நினைக்கும்போது தங்கள் ஆட்களை நினைக்கிறார்கள், கனடியர்கள் ஜூனோவை நினைக்கிறார்கள், இந்தப் பத்துக் கப்பல்களும் இரண்டுக்கும் நடுவில் விழுந்துபோயின. உங்கள் கட்டுரையில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம், இந்தக் கப்பல்கள் கண்ணியகற்றுவதற்கென்றே கட்டப்பட்டவை என்றாலும் சேவையில் சேர்ந்ததிலிருந்து அந்த வேலையை அவை அநேகமாகச் செய்ததே இல்லை. கனடியக் கரையோரம் நீர்மூழ்கித் தொல்லை அதிகம் என்பதால் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. 1944 தொடக்கத்தில் அத்திலாந்திக்கைக் கடந்து பிரித்தானியாவுக்கு வந்த பிறகுதான் முறையாக உபகரணம் பூட்டி, வசந்தகாலம் முழுக்கப் பயிற்சி. சில மாதப் பயிற்சியோடு உலகத்தின் மிகப்பெரிய படையெடுப்புக்கு முன்வரிசையில் போய் நின்றார்கள்.

வேலை எப்படி நடக்கும் என்றால், கப்பலின் பின்பக்கத்திலிருந்து ஒரு நீளமான உருக்குக் கம்பியை விடுவார்கள். இழுவைப் படகுகள் வலையை விரித்து இழுக்கும் அதே தத்துவந்தான். கம்பியின் நுனியில் ஒரு பலகைச் சட்டம், அது தண்ணீரின் தள்ளலில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து விரிக்கும். மேலே ஒரு மிதவை, கீழே ஆழத்தைப் பிடித்து வைக்க இன்னொரு சட்டம். கம்பியில் இடைக்கிடை வெட்டிகள் இருக்கும். கண்ணியைக் கட்டிய கம்பி அதில் மாட்டினால் அறுபடும், கண்ணி மேலே மிதந்து வரும், துப்பாக்கியால் சுட்டுத் தாட்டுவார்கள். இது பகலில். இரவில் மேலே வந்த கண்ணி யார் கண்ணுக்கும் தெரியாது, அது பின்னால் வருபவனின் தலைவிதி.

கப்பல்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர்வரிசையில் போவதில்லை, சரிவாகப் படிக்கட்டுப்போலப் போகும், அப்போதுதான் முன்னால் போகும் கப்பல் சுத்தப்படுத்திய தண்ணீரில் அடுத்த கப்பலின் உடம்பு இருக்கும். அப்படியென்றால் முதல் கப்பலுக்கு? அதற்கு முன்னால் சில சின்னப் படகுகள் மேலோட்டமாக வாரிக்கொண்டு போகும், அவ்வளவுதான் காப்பு. பாதை நேராக இருக்கவேண்டும், வேகம் மாறக்கூடாது, ஆமை வேகம், விளக்குப் போடமுடியாது, எதிரி சுட்டால்கூட விலகி ஓடமுடியாது. போதாக்குறைக்கு அன்றிரவு நடுவில் நீரோட்டம் திசை மாறியது. அதனால் ஒரு பக்கம் விட்ட கம்பியைச் சுருட்டி எடுத்து மற்றப் பக்கம் விடவேண்டியிருந்தது, அதுவும் இருட்டில், அணி கலையாமல், காற்றும் அலையும் அடித்துக்கொண்டிருந்தபோது. (காலநிலை மோசம் என்றுதான் ஜூன் 5இல் நடக்கவேண்டிய தரையிறக்கத்தையே ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தார்கள். ஜூன் 6உம் ஒன்றும் அமைதியான கடல் இல்லை.) வாரி முடித்த இடத்தில் பின்னால் வரும் கப்பல்கள் வெளிச்சம் பொருத்திய மிதவைகளைப் போட்டுக்கொண்டே வரும். விடியும்போது படைக்கப்பல்கள் அந்த விளக்குகளைப் பிடித்துக்கொண்டு வந்தன.

கரைக்கு எவ்வளவு கிட்டப் போனார்கள் தெரியுமா? சுமார் ஒன்றரை மைல். மேகம் விலகி நிலா வெளிச்சத்தில் பிரெஞ்சுக் கரை கண்ணுக்கு நேரே தெரிந்திருக்கிறது. கரையில் இருந்த பீரங்கி ஒன்றாவது சுடவில்லை. ராடர் நிலையங்களைக் குண்டுபோட்டு முடக்கியதும் குழப்பியதும் ஒரு காரணம், இந்தக் காற்றுக்கு யார் வருவான் என்று ஜேர்மனியர் தங்கள் ரோந்துப் படகுகளைத் துறைமுகத்திலேயே வைத்துக்கொண்டதும் ஒரு காரணம். எதிரியின் பீரங்கி வாய்க்குள் நின்றுகொண்டு கம்பி சுருட்டிக்கொண்டிருந்த ஒரு மாலுமிக்கு அந்த அமைதி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கடைசியில் அந்த அணி அன்றிரவு ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே கதையும் இல்லை, ஆகவே ஜூன் 6 கட்டுரைகளில் இடமும் இல்லை!

கோடையில் குடும்பம் குடும்பமாக வசாகா பீச்சுக்குப் போய் அடுப்பு மூட்டிக் கோழி வாட்டாத ரொறன்ரோத் தமிழர் யாரும் உண்டா? அந்தப் பத்தில் ஒன்றின் பெயர் வசாகா, நாம் போகும் அதே வசாகா பீச்சின் பெயர். சிறிய கப்பல்களுக்கு ஊர்ப் பெயர்கள் வைப்பது அன்றைய வழக்கம். அதனால்தான் கடலே இல்லாத அல்பேர்ட்டாவின் நிலக்கரிச் சுரங்க ஊரான பிளேர்மோர் கூட அங்கே ஒமாகாவுக்கு முன்னால் நின்றது.

அடுத்தது பிரின்ஸ் ஹென்றி, பிரின்ஸ் டேவிட். ஜூனோவைப் பற்றி எழுதிவிட்டு இந்த இரண்டையும் விட்டதுதான் எனக்கு உண்மையில் மனவருத்தம். 1930இல் கனடிய தேசிய ரயில்வேயின் கப்பல் பிரிவுக்காகக் கட்டிய பயணிகள் கப்பல்கள் இவை, மேற்குக் கரையில் வசதியானவர்கள் உல்லாசமாகப் போய்வர. போர் வந்ததும் பீரங்கி பூட்டி அனுப்பினார்கள். பிறகு மறுபடியும் உடைத்து மாற்றி, சில நூறு சிப்பாய்களைச் சுமக்கவும் பக்கவாட்டில் தரையிறங்கு கலங்களைத் தொங்கவிடவும் கூடியதாக்கினார்கள். பிரின்ஸ் ஹென்றியில் போனவர்கள் கனடியன் ஸ்கொட்டிஷ் படைப்பிரிவினர். பிரின்ஸ் டேவிட்டில் போனவர்களில் கியூபெக்கின் ஷோடியேர் படைப்பிரிவினர் இருந்தார்கள், அன்று கடலால் வந்து இறங்கிய ஒரே பிரெஞ்சுக் கனடியப் படைப்பிரிவு அதுதான். கப்பலும் கனடா, கப்பலிலிருந்து இறக்கிய சின்னக் கலங்களை ஓட்டியவர்களும் கனடா, ஏறியிருந்த சிப்பாயும் கனடா.

அந்தச் சின்னக் கலங்கள் ஒவ்வொன்றிலும் முப்பது முப்பத்தைந்து பேர். பலகையும் மெல்லிய இரும்புத் தகடும்தான். கரையில் ஜேர்மனியர் இரும்புச் சட்டங்களையும் மரக்குற்றிகளையும் நட்டு, நுனியில் கண்ணிவெடிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். நீர்மட்டம் தாழ்வாக இருக்கும்போதே இறங்கி அவற்றைக் கண்ணால் பார்த்து விலக்குவதாகத்தான் திட்டம். கடல் கொந்தளிப்பால் ஜூனோவில் நேரம் பிந்தியது, அதற்குள் தண்ணீர் ஏறித் தடைகளை மூடத் தொடங்கிவிட்டது. உள்ளே போகும்போது ஒருமாதிரி நெளிந்து நெளிந்து போய்விட்டார்கள், ஆட்களை இறக்கிவிட்டுப் பின்பக்கமாக வெளியே வரும்போதுதான் வினை. அலை தூக்கிக் கொண்டுபோய்க் குற்றியில் அடிக்கும், வெடிக்கும். பிரின்ஸ் டேவிட் கொண்டுபோன கலங்களில் பெரும்பாலானவை அன்று திரும்பவில்லை. கலத்தை இழந்த மாலுமிகள் சுடப்பட்டுக்கொண்டிருந்த கரையில் ஏறி, வேறு யாருடைய படகிலாவது தொற்றிக்கொண்டு தங்கள் கப்பலைத் தேடி வந்தார்கள். கப்பல்கள் காயக்காரரை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்பின.

இதில் ஒரு கிளைக்கதை. இதே பிரின்ஸ் டேவிட் அந்த வருடம் ஒக்ரோபரில் கிரேக்கப் பிரதமர் பப்பாண்ட்ரூவை, நாடு கடந்திருந்த அரசோடு, விடுதலையான கிரேக்கத்துக்குக் கொண்டுபோய் இறக்கியது. ஒரு பயணிகள் கப்பலுக்கு எப்படியெல்லாம் தலையெழுத்து பாருங்கள்.

இவற்றைவிடப் பெரிய தரையிறங்கு கலங்களும் கனடியர் ஓட்டியவை இருந்தன, மூன்று அணிகள். இரண்டு ஜூனோவுக்கு, ஒன்று பக்கத்திலிருந்த பிரித்தானியக் கடற்கரையான கோல்டுக்கு.

கரையைக் கப்பல்களிலிருந்து சுட்டதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி இருந்தது, 'நேச நாட்டுப் போர்க்கப்பல்கள்' என்று. அதில் அல்கோன்குவின், சூ என்ற இரண்டு கனடிய நாசகாரிகளும் அடக்கம். 1942 ஓகஸ்டில் பிரெஞ்சுத் துறைமுகமான டியெப்பில் இறங்கிய ஏறக்குறைய 5,000 கனடியர்களில் 907 பேர் இறந்தார்களே, அங்கே கடலிலிருந்து போதிய பீரங்கிச் சூடு இல்லாதது பெரிய குறை. அந்தப் பாடத்தைப் படித்தபடியால்தான் நோர்மண்டியில் அவ்வளவு கப்பல்கள் வரிசையாக நின்று சுட்டன. சும்மா கரையைப் பார்த்துச் சுடுவதில்லை. ஜூனோவில் கரைக்கு உள்ளே மூன்று பீரங்கிகள் சிப்பாய்களை நகரவிடாமல் அடித்துக்கொண்டிருந்தன, கப்பலில் இருந்து பார்த்தால் அவை தெரியாது. தரையில் இருந்த அவதானிப்பு அதிகாரி வானொலியில் இடத்தைச் சொல்ல, அல்கோன்குவின் சுட, கொஞ்சம் கூடிப்போச்சு, கொஞ்சம் குறைஞ்சுபோச்சு என்று அவர் திருத்தத் திருத்த, கடைசியில் குண்டுகள் இலக்கிலேயே விழுந்து அந்தப் பீரங்கிகள் அடங்கின. கப்பலின் தலைவர் டெஸ்மண்ட் பியர்ஸ். இப்படி விழுந்த குண்டுகளில் பிரெஞ்சு மக்களின் வீடுகளும் போயின, சாதாரண சனமும் செத்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

இன்னும் மேற்கே, கரையிலிருந்து யாரும் பார்க்கமுடியாத இடத்தில் வேறொரு வேலை. பிரெஞ்சுத் துறைமுகங்களில் ஜேர்மன் நாசகாரிகள் இருந்தன, அவை படையெடுப்புக்குள் புகுந்தால் ஆட்டுமந்தைக்குள் ஓநாய்தான். ஏப்ரலிலேயே ஹைடா, ஹியூரன், அதபாஸ்கன் போன்ற கனடிய நாசகாரிகள் பிரித்தானியக் கப்பல்களோடு சேர்ந்து இரவிரவாக அவற்றைத் தேடித் திரிந்தன. ஏப்ரல் 29இல் அதபாஸ்கன் தாழ்ந்தது, கப்பல் தலைவர் ஸ்ரப்ஸ் உட்பட 128 பேர் போய்விட்டார்கள். எதிரியின் கரை கிட்ட என்பதாலும் விடியப் போகிறது என்பதாலும் ஹைடா அதிக நேரம் நின்று ஆட்களைத் தூக்கமுடியவில்லை. தன்னுடைய சின்ன இயந்திரப் படகை விட்டுவிட்டுப் போயிற்று. அந்தப் படகில் இருந்த ஒரு சிலர் தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, மக்கர் பண்ணிய இயந்திரத்தோடு கால்வாயைக் கடந்து இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். பிறகு ஜூன் 9 அதிகாலை, தரையிறக்கத்துக்கு மூன்று நாள் கழித்து, ஜேர்மன் நாசகாரிகள் கிழக்கே வர முயன்றபோது அதே ஹைடாவும் ஹியூரனும் இருந்த அணி வழிமறித்தது. ஒன்றைத் தாழ்த்தினார்கள், ஒன்றைப் பாறையில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து பெரிய கப்பல்கள் எதுவும் தரையிறங்கு கடற்கரைகள் வரை வரவில்லை.

கிழக்குப் பக்கம் கனடிய டோர்பிடோப் படகுகள் காவல் நின்றன. அவற்றில் ஓர் அணியின் தலைவர் ரொனி லோ ஓர் ஓவியர். பகலில் ஓவியம் வரைவார், இரவில் சண்டைக்குப் போவார். அவரைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதலாம், இந்தக் கடிதத்தில் இடமில்லை.

கொர்வெற் என்ற சின்னக் காவல் கப்பல்கள் 19 இருந்தன. தரையிறங்கிய கரையில் பொருத்தவிருந்த மிதக்கும் துறைமுகத்துக்கான துண்டுகளை இழுத்துக்கொண்டு வந்த இழுவைக் கப்பல்களுக்குக் காவல், சரக்குக் கப்பல்களுக்குக் காவல், போவதும் வருவதுமாக வாரக்கணக்கில். சலிப்பான வேலை, ஆனால் அதிலும் ஆட்கள் செத்தார்கள். ஓகஸ்ட் 8இல் ரெஜைனா தாழ்ந்து 30 பேர், ஓகஸ்ட் 21இல் அல்பேர்னி தாழ்ந்து 59 பேர். இரண்டும் நீர்மூழ்கிகளின் வேலை. தரையிறக்கம் ஜூன் 6இல் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இந்தத் திகதிகளைக் காட்டவேண்டும்.

ஒரு திருத்தமும் இருக்கிறது. கட்டுரையோடு போட்ட பெரிய படத்துக்குக் கீழே 'ஜூனோவில் கனடியப் படையினர்' என்று அச்சாகியிருந்தது. தொப்பியையும் கலத்தையும் பார்த்தால் அது ஒமாகாவில் இறங்கும் அமெரிக்கர்களின் படம், இணையத்தில் எங்கும் கிடைப்பது. அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நல்லது. படம் வேண்டுமென்றால் ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் ஹமில்ரனில் ஹைடாவே கட்டப்பட்டு நிற்கிறது, கோடையில் யாரும் ஏறிப் பார்க்கலாம், உங்கள் படப்பிடிப்பாளரை அனுப்புங்கள். ஹலிபாக்ஸ் பக்கம் போகும் வாசகர்கள் சாக்வில் என்ற கொர்வெற்றைப் பார்க்கலாம், அந்த ரகத்தில் உலகத்திலேயே மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

இடமிருந்தால் ஒமாகாவுக்குப் பாதை வெட்டிய அந்தப் பத்துக் கப்பல்களின் பெயர்களையும் போடுங்கள்: கரக்கெட், போர்ட் வில்லியம், வசாகா, கவுச்சன், மைனஸ், மால்பெக், மில்ரவுன், பிளேர்மோர், மல்கிறேவ், பேஃபீல்ட்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்